கனடாவின் கல்கரியில் வெண்டைக்காய்: விட்டுவிடலாமா, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமா?

பனிக்குத்தகை · கல்கரி · செப்டம்பர் 11

நேற்றுக் காலை எழுந்து திரையை விலக்கினால் தோட்டம் கறுத்துக் கிடக்கிறது. யாரோ வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனதுபோல இலையெல்லாம் தொங்கிவிட்டது. செல்போனில் 2 டிகிரி என்றுதான் காட்டியது. பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லையே என்று நம்பிப் படுத்தேன்.

இது எனக்கு மூன்றாவது கோடை. வரவுசெலவு இதோ. வெண்டை 12 செடி, காய் மொத்தம் 7. பாகல் வேலி முழுக்க ஏறியது, ஆனால் ஆகஸ்ட் பாதி வரை எல்லாம் ஆண்பூ. கடைசியில் விரல் நீளத்தில் மூன்று பிஞ்சு. அவரை ஒரு பூகூட வைக்கவில்லை. தக்காளி கொத்துக்கொத்தாய்க் காய்த்தது, ஒன்றும் பழுக்கவில்லை. பனிக்கு முந்தின நாள் பறித்த ஒரு வாளிப் பச்சைத் தக்காளி சமையலறையில் உட்கார்ந்திருக்கிறது.

ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பா வெண்டை போட்டால் 45ஆம் நாள் காய் பறிப்பார். விதைப் பாக்கெட்டிலும் 55 நாள் என்றுதான் இருக்கிறது. கல்கரியில் உறைபனி இல்லாத நாள் 110க்கு மேல். இரண்டு மடங்கு இருந்தும் ஏன் வரவில்லை? மண் சரியில்லையா, என் கை சரியில்லையா? "கடையில் வாங்கினால் என்ன கேவலம்" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செவ்வந்தி · ஸ்காபரோ · செப்டம்பர் 11

தம்பி, மனம் தளர வேண்டாம். நான் 22 வருஷமாக ஸ்காபரோவில் வளவுக்குள் மரக்கறி வைக்கிறேன். மே மாசம் வருகிற விக்டோரியா டே லோங் வீக்கெண்டில் கன்று நட்டால் ஓகஸ்ட் முழுக்கப் பயித்தங்காய், பாவற்காய், வெண்டிக்காய், கத்தரி. அயலட்டைக்குக் கொடுத்து மாளாது. கோழி எரு போட்டனீங்களா? வெண்டிக்கு நல்ல எருவும் வெயிலும் இருந்தால் போதும். விதையை ஒரு இரவு ஊறவைத்துப் போட்டுப் பாருங்கோ.

மண்வெட்டி · எட்மண்டன் · செப்டம்பர் 11

அக்காவின் கைராசியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்காபரோவை வைத்துக் கல்கரிக்கு வைத்தியம் சொல்ல முடியாது.

பனிக்குத்தகை, உங்கள் கையில் குற்றமில்லை. நாளை எண்ணியதுதான் பிழை. செடிக்குக் காலண்டர் தெரியாது, சூடுதான் தெரியும். வெண்டை, பாகல் மாதிரி வெப்பப் பயிர்கள் 10 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்டச் சும்மா நிற்கும். அதனால் ஒரு நாளின் அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 10 கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம்தான் செடிக்கு அன்றைக்குக் கிடைத்த கூலி.

சென்னையில் ஜூலையில் பகல் 35, இரவு 26. சராசரி முப்பதரை, கழித்தால் இருபது. கல்கரியில் ஜூலையில் பகல் 23, இரவு 10. சராசரி பதினாறரை, கழித்தால் ஆறரை. அதாவது ஊரில் ஒரு நாள் கிடைக்கும் கூலி இங்கே மூன்று நாள் கூலி. ஸ்காபரோ இருக்கும் டொராண்டோவில் ஜூலையில் 12 அளவில் வரும், அக்காவுக்கு வெண்டை காய்ப்பது அதனால்தான்.

உங்கள் அப்பாவின் 45 நாளை இருபதால் பெருக்கினால் 900. கல்கரியில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்தையும் கூட்டினாலே சுமார் 500தான் தேறும். ஊரில் அதை 25 நாளில் சம்பாதித்துவிடும். மூன்று கோடையாக 25 நாள் பயிரிடம் காய் கேட்டிருக்கிறீர்கள். ஏழு காய் கொடுத்ததே அந்தச் செடியின் பெருந்தன்மை.

பனிக்குத்தகை · கல்கரி · செப்டம்பர் 11

25 நாளா! இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும். சரி, அந்த 2 டிகிரி விஷயம்? பூஜ்யத்துக்குப் போகாமல் எப்படிக் கருகியது?

மண்வெட்டி · எட்மண்டன் · செப்டம்பர் 12

வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் வெண்டை இருப்பது தரையில். மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவில் தரையும் இலையும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையோரம் அறிவிப்பைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகவே இருக்கும். ஆகவே தெளிந்த வானம், காற்றில்லை, அறிவிப்பு 4 அல்லது அதற்குக் கீழே என்றால் மூடிவிடுங்கள். மேகம் மூடியிருந்தால் அதே 2 டிகிரியில் ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

பழைய பெட்ஷீட் போதும். துணி தரை வரைக்கும் தொங்க வேண்டும், மண்ணிலிருந்து வரும் சூட்டைத்தான் பிடித்து வைக்கிறோம். குடைபோல மேலே மட்டும் போட்டுப் பயனில்லை. பிளாஸ்டிக் என்றால் இலையில் படக்கூடாது, பட்ட இடம் கருகும். மாலையிலேயே மண்ணை நனைத்து வைத்தால் நல்லது, ஈர மண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

ரெஜைனா வாசி · ரெஜைனா · செப்டம்பர் 12

கல்கரி குளிர் மண்டலம் 4 தானே? அந்த எண் போட்ட வகையாகப் பார்த்து வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடுமே.

மண்வெட்டி · எட்மண்டன் · செப்டம்பர் 12

அந்த எண் ஆப்பிள் மரம், ரோஜா, ருபார்ப் மாதிரி பல வருஷம் நிற்கும் செடிகள் பனிக்காலத்தைத் தாண்டுமா என்று சொல்வதற்கு. கோடையில் முளைத்துக் கோடையிலேயே முடிகிற காய்கறிக்கு அதனால் உபயோகம் கிடையாது. ஒரே எண் கொண்ட இரண்டு ஊரில் ஒன்றில் தர்பூசணி விளையும், மற்றதில் விளையாது. எட்மண்டன் கல்கரிக்கு வடக்கேதான், ஆனால் கல்கரி ஆயிரம் மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அங்கே இரவு எங்களைவிடக் குளிரும்.

பாக்கெட்டில் உள்ள நாள் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காரட், பீன்ஸுக்கு விதைத்த நாளிலிருந்து எண்ணுவார்கள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்றை நட்ட நாளிலிருந்து. வீட்டுக்குள் நாற்று வளர்ந்த ஆறு எட்டு வாரம் அதில் சேராது. எண்ணியதும் நம்மைவிடச் சூடான ஊரில். நான் எப்போதும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்வேன்.

செவ்வந்தி · ஸ்காபரோ · செப்டம்பர் 12

கூலி, கணக்கு, கழித்தல்! எங்கடை அம்மா இதெல்லாம் பார்த்தா மரக்கறி வைத்தவ? சரி, உங்கள் கணக்கையே ஒத்துக்கொள்கிறேன். அப்போ அந்தத் தம்பி எதைத்தான் வைக்கிறது? வெள்ளைக்காரர் மாதிரி முட்டைக்கோவாவையும் காரட்டையும் அவித்துச் சாப்பிடச் சொல்கிறீர்களா?

லயத்துப்பிள்ளை · கல்கரி · செப்டம்பர் 13

செவ்வந்தி அக்கா, அந்த முட்டைக்கோவாவையும் காரட்டையும் நாங்கள் நுவரெலியாவில் அவித்துச் சாப்பிடவில்லை. தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தோம்.

நான் மலையகம். தோட்டம் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தோட்டம்தான், மரக்கறி வைக்கிற இடம் லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலம். அதில் அப்பா லீக்ஸ், காரட், பீட், நோக்கோல், உருளைக்கிழங்கு போட்டார். 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் நுவரெலியாவில் பண்ணை போட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வெள்ளைக்காரர் சாப்பிடக் கொண்டுவந்த மரக்கறிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முதுகு ஒடிந்தது எங்கள் ஆட்களுக்கு. தை மாசத்தில் அங்கேயும் தரையில் உறைபனி படியும். விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

கல்கரிக்கு வந்து 14 வருஷம். முதல் வருஷமே லீக்ஸ் போட்டேன், நன்றாக வந்தது. எனக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை, கொஞ்சம் கூடுதலாகக் கோபப்படும் நுவரெலியா என்று வைத்துக்கொண்டேன். பனிக்குத்தகை அண்ணா, இங்கே ஏப்ரல் கடைசியில், மண் கையில் ஒட்டாமல் உதிர்கிற அன்றைக்கே பட்டாணி, வெந்தயக்கீரை, சின்னச் சிவப்பு முள்ளங்கி, பசளைக்கீரை (கொடிப்பசளி இல்லை, ஸ்பினாச்) போடலாம். பட்டாணி 5 டிகிரி மண்ணிலும் மெதுவாக முளைக்கும். முளைத்த பிறகு மேலே ஸ்னோ விழுந்தாலும் சாகாது. நீங்கள் விக்டோரியா டே வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள், அதில் ஒரு மாசம் போயிருக்கும்.

பனிக்குத்தகை · கல்கரி · செப்டம்பர் 13

கட்டிக்கொண்டுதான் நின்றேன். ஸ்னோ விழும்போது விதை போடலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் பஸ் ஏறினால் கொடைக்கானல். மேலே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூராவும் காரட், பூண்டு, உருளைக்கிழங்கு படிக்கட்டு வயல்தான். பூண்டுக்குப் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டார்கள், 2019இல். சின்ன வயசில் அங்கே சுற்றுலா போய்க் காரட் வாங்கிக் கடித்திருக்கிறேன். கனடா வந்து தோட்டம் போட்டபோது நான் நினைத்தது கீழே இருக்கும் எங்கள் காட்டை மட்டும்தான், மலையை நினைக்கவே இல்லை.

அந்த வாளித் தக்காளியை என்ன செய்வது?

லயத்துப்பிள்ளை · கல்கரி · செப்டம்பர் 13

வாளியில் குவித்து வைக்க வேண்டாம், ஒன்று அழுகினால் எல்லாம் போகும். காயம் பட்டதைத் தனியே எடுங்கள். வெளிறிய பச்சையாகி லேசாக மினுங்குவதெல்லாம் முற்றிய காய், வீட்டுக்குள் பழுக்கும். கரும்பச்சையாக, கல் மாதிரி இருப்பது பழுக்காது, அதைத் துவையல், கூட்டு, ஊறுகாய்க்குத் தள்ளுங்கள். முற்றியதை அட்டைப் பெட்டியில் ஒற்றை வரிசையாக அடுக்கி, கூடவே ஒரு வாழைப்பழம் வைத்து மூடுங்கள். 18 - 20 டிகிரி நல்லது. ஜன்னலில் வெயிலில் வைக்கத் தேவையில்லை, பழுக்க வெளிச்சம் வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தீர்களோ, பழுக்கவே பழுக்காது.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் நடுவில் தக்காளியின் நுனியைக் கிள்ளிவிடுங்கள். புதுப் பூவும் வேண்டாம். அதற்குப் பிறகு வைக்கும் பூ இங்கே பழமாவதில்லை.

வடதுருவம் · துரோம்சோ, நார்வே · செப்டம்பர் 15

நீங்கள் எல்லோரும் வெயிலில் குளித்துக்கொண்டு அழுகிறீர்கள். நான் 69 பாகை வடக்கில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் எண்பதுகளில் மீன் ஃபாக்டரி வேலைக்கு இந்த வடக்குக்கு வந்தார்கள். மே 20 அளவில் இருந்து ஜூலை 20 தாண்டும்வரை சூரியன் மறைவதே இல்லை. வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, சூடுதான் இல்லை. ஜூலையில் சராசரி 12 டிகிரி. மண்வெட்டியின் கூலிக் கணக்கில் ஒரு நாளைக்கு 2!

அந்தக் கூலியில் உருளைக்கிழங்கு, ருபார்ப், நூல்கோலுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் கோல்ரூட் என்ற கிழங்கு, கேல், இவ்வளவும் வரும். குல்லொய்யே என்று ஒரு வடக்கத்தி உருளைக்கிழங்கு, கையளவுகூட இருக்காது, அதன் ருசிக்கு வேறு ஈடில்லை. ஆனால் பசளைக்கீரையும் கொத்தமல்லியும் போட்டால் நாலு இலை வந்ததும் பூத்துவிடும். இரவே இல்லாவிட்டால் அதற்கு எப்போது இலை வைப்பது, எப்போது பூப்பது என்று தெரிவதில்லை.

மண்வெட்டி · எட்மண்டன் · செப்டம்பர் 15

அருமையான இடத்தைத் தொட்டீர்கள். சூட்டுக்கு அடுத்த கணக்கு இரவின் நீளம். பனிக்குத்தகையின் அவரை பூக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊர் அவரையில் பல வகைகள் இரவு நீண்டால்தான் பூக்கும். ஆடியில் விதைத்துத் தை மாசத்தில் பறிக்கிறோமே, அந்தப் பழக்கம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. கல்கரியில் ஜூன் கடைசியில் பகல் பதினாறரை மணி நேரம். அவரை கொடியாக ஓடிக்கொண்டே இருக்கும். செப்டம்பரில் இரவு நீண்டதும் "ஆ, காலம் வந்தது" என்று மொட்டு விடும், அந்த வாரமே பனி வந்து கொண்டுபோய்விடும். எரு எவ்வளவு போட்டாலும் இது மாறாது. சிறகவரையும் இதே குணம். பாகலிலும் பகல் நீளமாக இருந்தால் ஆண்பூ பெருகி, பெண்பூ பிந்தும்.

பசளைக்கீரை இதற்கு நேர்மாறு. பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் பூத்தண்டு விட்டுவிடும். ஆகையால் அதை ஏப்ரலில் போட்டு ஜூன் முதல் வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், மறுபடி ஆகஸ்ட் தொடக்கத்தில் போடுங்கள். வெள்ளை முள்ளங்கியும் அப்படித்தான். மே மாசம் போட்டு, கிழங்குக்குப் பதில் பூச்செண்டு பறித்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஜூலைக் கடைசியில் போடுங்கள், செப்டம்பர் சாம்பாருக்கு ஆகும்.

நீண்ட பகலைப் பிடிக்கிற பயிரும் உண்டு. அலாஸ்காவின் பாமர் என்ற ஊர்ச் சந்தையில் 2012இல் ஒரு முட்டைக்கோஸ் 138 பவுண்டுக்கு மேல் நின்றது. ஏறக்குறைய 63 கிலோ! அங்கே ஜூனில் பகல் 19 மணி நேரம். இலைக்கோசு மாதிரி குளிரைத் தாங்கும் பயிருக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைத்தால் நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

செவ்வந்தி · ஸ்காபரோ · செப்டம்பர் 15

63 கிலோ கோவாவை யார் வறை செய்து முடிக்கிறது!

ஆனால் அவரை விஷயம் உண்மை. எனக்கும் ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில்தான் பூக்கும், ஒக்டோபரில் கொஞ்சம் பறிப்பேன். நான் அதை எருக் குறைவு என்றே நினைத்திருந்தேன்.

பழைய ஹவில்தார் · தஞ்சாவூர் · செப்டம்பர் 18

நான் காய்கறி போடுகிறவன் இல்லை, படிக்கிறவன். ஆனால் இதில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ராணுவப் பணியில் லடாக்கின் லே நகரில் இரண்டு வருஷம் இருந்தேன். கடல்மட்டத்திலிருந்து 3500 மீட்டர். மழையே கிடையாது, மாரியில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அங்கே லடாக்கிக் குடும்பங்கள் குடில் கட்டியிருப்பார்கள். மூன்று பக்கம் கனமான மண்சுவர், தெற்குப் பக்கம் மட்டும் சாய்வாக பாலிதீன். விறகு, கரண்டு ஒன்றும் இல்லை. பகலெல்லாம் சுவர் வெயிலைக் குடிக்கும், ராத்திரி அதை உள்ளே விடும். வெளியே கடுங்குளிரில் உள்ளே கீரை பச்சையாக நிற்கும். ராணுவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் லேயில் உண்டு, எங்களுக்குப் புதுக் காய்கறி கிடைக்க அவர்களும் ஒரு காரணம். கிழங்கு, காரட், கோஸை எல்லாம் குழி தோண்டிப் புதைத்து வைத்து மாரி முழுக்கச் சாப்பிடுவார்கள்.

கல்கரித் தம்பிக்கு மண்சுவர் கட்ட முடியாது, தெரியும். சுவர் செய்கிற வேலையை வேறு எதாவது செய்யுமா என்று யோசிக்கலாம்.

மண்வெட்டி · எட்மண்டன் · செப்டம்பர் 18

ஐயா, நல்ல யோசனை. தண்ணீர் செய்யும். கறுப்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பிக் குடிலுக்குள் வடக்கு ஓரமாக வைத்தால் அதுவே மண்சுவர். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டிக் குடில் போட்டால் இன்னும் நல்லது.

பனிக்குத்தகை, வெண்டை மேல் அவ்வளவு பிரியம் என்றால் அடுத்த வருஷம் ஒரே ஒரு பாத்தி, தெற்குச் சுவரோரம், வளைவுக் குழாய் மேல் பிளாஸ்டிக் போட்டு, தரையில் கறுப்பு ஷீட். அதில் பிடிவாதம் பிடியுங்கள். மற்ற பாத்தியெல்லாம் ஊருக்கு ஏற்ற பயிர். வெயில் நாளில் இரண்டு முனையையும் திறந்துவிட மறக்கக்கூடாது, மூடி வைத்தால் செடி வெந்துவிடும். தேனீ உள்ளே வராவிட்டால் பாகலுக்கு ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் நீங்களே தடவ வேண்டும்.

லயத்துப்பிள்ளை · கல்கரி · செப்டம்பர் 27

இந்த வாரம் பூண்டு நட வேண்டும், அண்ணா, அதனால்தான் இழையை மேலே கொண்டுவருகிறேன். கடைப் பூண்டு வேண்டாம். நடுவில் கெட்டித் தண்டு வரும் வகையாக உள்ளூர் விவசாயியிடம் வாங்குங்கள். பல்லை உரிக்காமல், கூர்முனை மேலே பார்க்க, இரண்டு அங்குலத்துக்குக் குறையாத ஆழத்தில் நட்டு, மேலே சருகை அரையடி மூடுங்கள். இங்கே ஜனவரியில் சினூக் காற்று வந்து ஒரே நாளில் ஸ்னோவை உருக்கி மறுநாள் மறுபடி உறையவைக்கும், சருகு இல்லாவிட்டால் பல் மேலே தள்ளிவிடும். ஜூலைத் தொடக்கத்தில் சுருண்டு வரும் பூத்தண்டை வெட்டினால் கிழங்கு பெருக்கும். அந்தத் தண்டைப் புளி, மிளகாய் வைத்து அரைத்துப் பாருங்கள், துவையல் பிரமாதம்.

பனிக்குத்தகை · கல்கரி · மார்ச் 22

பூண்டு ஸ்னோவுக்கு அடியில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று அடித்தளத்தில் போட்டேன். எல்லாம் நூல் மாதிரி நீண்டு சாய்கிறது. சிலது அடித்தண்டு கருத்து விழுந்துவிட்டது.

மண்வெட்டி · எட்மண்டன் · மார்ச் 22

விழுந்தது நாற்றழுகல். தண்ணீரைக் குறையுங்கள், மேலாக ஊற்றாமல் தட்டில் ஊற்றிக் கீழிருந்து உறியவிடுங்கள், ஒரு சின்ன ஃபேன் ஓடட்டும். நீள்வது வெளிச்சம் போதாமல். விளக்கை இலைக்கு ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கள், தினம் 14 மணி நேரம். முளைக்கும் வரைதான் அடியில் சூடு வேண்டும், முளைத்த பிறகு கொஞ்சம் குளிர்ந்தால்தான் தண்டு பருக்கும்.

வெண்டை, பாகல் விதையை இப்போது தொடாதீர்கள். ஏப்ரல் கடைசி போதும், வேரைத் தொட்டால் அதற்குப் பிடிக்காது, காகிதக் கப்பில் போட்டு அப்படியே நடுங்கள்.

பனிக்குத்தகை · கல்கரி · ஜூன் 15

ஏப்ரல் 26இல் போட்ட பட்டாணியும் வெந்தயமும் வந்துவிட்டன. வெந்தயக்கீரை மூன்று முறை பறித்தாகிவிட்டது. நாற்றை ஒரு வாரம் வெளியே எடுத்துவைத்து உள்ளே எடுத்துவைத்து, குழந்தையைப் பள்ளிக்குப் பழக்குவதுபோலப் பழக்கினேன். இரண்டாம் நாளே பேராசைப்பட்டு முழு வெயிலில் விட்டதில் கத்தரி இலை வெளுத்துப்போனது. மீண்டுவிட்டது.

பூண்டு உயிரோடு இருக்கிறது!

நேற்று ஆலங்கட்டி. பட்டாணிக் கல் அளவுதான். பீட் இலை கிழிந்தது, குடிலின் பிளாஸ்டிக் தாங்கியது.

லயத்துப்பிள்ளை · கல்கரி · ஜூன் 15

பட்டாணி அளவு என்றால் தப்பித்தீர்கள். 2020 ஜூன் 13 அன்று வடகிழக்கு கல்கரியில் விழுந்தது நினைவிருக்கும், வீட்டுச் சுவரெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஆனது. அதற்குப் பிறகு நான் பாத்தி மேல் வலை கட்டாமல் விடுவதில்லை. கிழிந்த பீட்டைப் பிடுங்காதீர்கள், குருத்து இருந்தால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும்.

களை பிடுங்கும்போது ஒன்று கவனியுங்கள். இலையடியில் மாவு பூசினது போல இருக்கும் களை நம் சக்கரவர்த்திக் கீரை. தரையோடு படரும் தடித்த இலை பருப்புக்கீரை. இரண்டும் இந்த ஊரில் தானாக முளைக்கும், கீரைக்குக் கீரை ஆச்சு. ஆனால் பருப்புக்கீரை மாதிரியே படரும் இன்னொன்று உண்டு, கிள்ளினால் பால் வரும். அது வேண்டாம்.

செவ்வந்தி · ஸ்காபரோ · ஜூன் 16

சக்கரவர்த்தியைக் களை என்று நான் 22 வருஷமாகப் பிடுங்கி எறிந்திருக்கிறேனே!

பனிக்குத்தகை · கல்கரி · அக்டோபர் 4

கணக்குச் சொல்ல வந்தேன். சமையலறைத் தராசில் நிறுத்தது, மிகைப்படுத்தல் இல்லை.

உருளைக்கிழங்கு 31 கிலோ, சிவப்பு நார்லாண்ட். ஆகஸ்ட் முதல் வாரமே புதுக்கிழங்கு தோண்டிவிட்டோம். பூண்டு 64 தலை, நிழலில் மூன்று வாரம் காயவைத்தேன். பட்டாணி எடை போடவில்லை, பிள்ளைகள் கொடியிலேயே தின்றுவிட்டார்கள். லீக்ஸ், நூல்கோல், கேல் இன்னும் நிற்கின்றன. முள்ளங்கி ஜூலை 25இல் போட்டது, முன்கை நீளம் வந்தது, சாம்பாரும் ஆயிற்று.

தக்காளி சீக்கிரம் காய்க்கும் வகையாக நாலு செடி. நுனியைக் கிள்ளினேன். பாதிக்கு மேல் செடியிலேயே பழுத்தது, மிச்சம் அட்டைப் பெட்டியில்.

குடிலில் வெண்டை ஆறு செடி, 58 காய். பாகல் 9. மூன்று நாள் குழம்பு, ஒரு நாள் பொரியல். வீட்டில் கடைப் பேச்சு நின்றுவிட்டது. அவரை போடவில்லை.

காரட் மட்டும் இன்னும் மண்ணில். இதுவரை நாலு உறைபனி அடித்துவிட்டது, தோண்ட வேண்டாமா?

லயத்துப்பிள்ளை · கல்கரி · அக்டோபர் 4

வேண்டாம், அவசரப்படாதீர்கள். குளிர் பட்டதும் காரட் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், அதுதான் அது உறையாமல் தப்பிக்கும் வழி. செப்டம்பர்க் காரட்டையும் அக்டோபர்க் காரட்டையும் பக்கத்தில் வைத்துக் கடித்துப் பாருங்கள். மேலே சருகுப் பையை அடுக்கி வையுங்கள், நிலம் இறுகும் முன் நவம்பர் ஆரம்பத்தில் தோண்டலாம். இலையைத் திருகி எடுத்துவிட்டு, கழுவாமல், ஈர மணலில் அடுக்கிக் கராஜில் உறையாத மூலையில் வையுங்கள். ஹவில்தார் ஐயா சொன்ன குழிதான், கனடாவில் அதற்குப் பெயர் பிளாஸ்டிக் தொட்டி.

கேலை விட்டுவிடுங்கள். ஸ்னோவைத் தட்டிவிட்டுப் பறிக்கலாம்.

செவ்வந்தி · ஸ்காபரோ · அக்டோபர் 9

தம்பி, 58 வெண்டிக்காய்க்கு வாழ்த்துகள். நான் இந்த வருஷம் கேல் வைத்தேன், வறைக்கு முருங்கையிலையை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பரவாயில்லை.

இன்று இரவு இங்கே 3 டிகிரியாம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கு, ஒரு இலை அசையவில்லை. கறிவேப்பிலைத் தொட்டியை இரவு 10 டிகிரிக்கு இறங்கின அன்றைக்கே உள்ளே எடுத்துவிட்டேன். பாவல் கொடியில் இன்னும் பத்துப் பிஞ்சு நிற்கிறது. மூடவா, பறிக்கவா?

மண்வெட்டி · எட்மண்டன் · அக்டோபர் 9

பறித்துவிடுங்கள் அக்கா. அவரையை மட்டும் மூடுங்கள்.